குழாயில் போன சந்தனம்

புரட்டாசி 16, புதன்

காலை நல்ல வெயில். மதியம் மேகம் கூடியது, மழை இல்லை.

ஆயுத பூசை. பத்து பெரெண்டாம் விமானத் திடலில் இந்த வருடமும் நடந்தது. வெள்ளைக்காரன் கொடி இறங்கி நம் கொடி ஏறிய பிறகு முதல் பூசை. துரை வேண்டாம் என்பாரோ என்று பயம். செய்யுங்கள், விடிந்ததும் எல்லாவற்றையும் துடைத்துவிடுங்கள் என்றார்.

நான் அங்கே புல் வெட்டுகிறவன். பூசையும் என் பொறுப்பு. சந்தனம் பக்கத்து வீட்டு பீபி இழைத்துக் கொடுத்தது. செட்டிக் கம்பத்துக்காரி, பேச்செல்லாம் மலாய், தமிழ் வராது. ஆனால் எங்கள் காஜா பெராங்கில் அவள் சந்தனக் கல்லுக்கு ஈடு இல்லை.

பட்டாளத்தின் சின்ன விமானம், ஆஸ்டர். சண்டைக் காலத்தில் செய்த பழசு. சந்தனம் வைத்த இடங்கள்:
மூக்கு.
விசிறி, இரண்டு இலைக்கும்.
சக்கரம் மூன்று.
இறக்கை நுனி இரண்டு.
இறக்கைக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் சின்னக் குழாய். காற்று முதலில் அதில்தான் படும் என்று விமானம் பழுது பார்க்கும் பிட்டர் சுப்பையா ஒருமுறை சொன்னான். அதனால் அதற்குக் கொஞ்சம் தாராளமாக.

தேங்காய் சரிபாதியாக உடைந்தது. எல்லோருக்கும் கடலை.

இவ்வளவு எழுதுவதற்குள் கோப்பி ஆறிவிட்டது. கோயில் மண்டப வகுப்பு முடிந்து இருபது நாள். அறுபத்தெட்டு வயதில் எழுத்து. வேலையிடத்தில் ஒருவருக்கும் சொல்லவில்லை. சிரிப்பார்கள். ஆனால் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

17, வியாழன்

விடிகாலையில் ஈரத் துணியால் எல்லாம் துடைத்தேன். குழாயையும். அழுத்தித் துடைத்தேன்.

எட்டு மணிக்கு விமானம் ஏறியது. குருபோங் பக்கம் திரும்பியது. கொஞ்ச நேரத்திலேயே வந்துவிட்டது. இறங்கும் வேகம் சரியில்லை. எனக்கே தெரிந்தது. திடலின் பாதியில்தான் தரை தொட்டது. நிற்கவில்லை. வேலி ஓரக் கால்வாயில் போய் விழுந்தது. விசிறி உடைந்தது. சக்கரக் கால் மடங்கியது. ஓட்டியவர் தானே இறங்கி வந்தார். உதட்டில் மட்டும் ரத்தம்.

வேகம் காட்டும் முள் அசையவே இல்லையாம். கண் மதிப்பில் இறக்கினாராம்.

சுப்பையா (இனி சு. கை வலிக்கிறது) அந்தச் சின்னக் குழாயில் கம்பி விட்டான். காற்று அதற்குள் போனால்தான் முள் அசையும். கம்பி நுனியில் மஞ்சளாக ஒரு கட்டி. முகர்ந்து பார்த்தான். பக்கத்தில் நின்ற எனக்கும் வாசம் வந்தது. கையை மூடிக்கொண்டான்.

துரை என்ன என்று கேட்டார். மண் என்றான். காலையில் பார்க்காதது தன் தப்பு என்றான்.

கொட்டாய்க்குப் பின்னால் என்னை நிறுத்தி மெதுவாகச் சொன்னான். "பேசாம இருங்க தாத்தா. நீங்கன்னா இன்னிக்கே கேட்டுக்கு வெளிய. எனக்குத் திட்டோட போயிரும்."

சோற்றை மூடி வைத்தேன்.

18, வெள்ளி

புழுக்கம்.

திட்டோடு போகவில்லை. பட்டாளம் போன பிறகு திடலில் யாரை வைத்துக்கொள்வது என்று ஆபீஸ் கணக்கு எழுதும் கிராணி டைப்பில் பட்டியல் தட்டிக்கொண்டிருக்கிறார். அதில் சு. பெயரை நிறுத்திவைத்துவிட்டார்கள். திங்கட்கிழமை விசாரணை.

சு. மனைவிக்கு ஏழு மாதம்.

பசியாறும் நேரத்தில் லோரிக்காரர்கள் பேச்சு. "பிட்டரு கதை முடிஞ்சிச்சு." "மண்ணு கூட பாக்கத் தெரியலன்னா, அப்பறம் என்னா பிட்டரு?" சு. அங்கேதான் உட்கார்ந்திருந்தான். கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தான்.

என்னால் ஓர் இடத்தில் நிற்க முடியவில்லை. வெட்டிய புல்லையே மறுபடி வெட்டினேன். போய்ச் சொல்லிவிடலாம். ஆனால் துரை முன்னால் எனக்கு வாய் வராது. பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பேன்.

எழுதிக் கொடுக்கலாம்.

19, சனி

நாள் முழுவதும் கடிதம். மூன்று தாள் கிழித்தாயிற்று. நான்காவது நிற்கிறது. பெரிய மனிதருக்கு நான் எழுதும் முதல் கடிதம். சந்தோஷப்படக் கூடாத விஷயம். ஆனாலும் எடுத்து எடுத்துப் பார்த்தேன். வரி கோணவில்லை.

பீபி வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தாள். விஷயத்தைச் சொன்னேன். ஜாங்ஙான் தாக்குட் என்றாள். பயப்படாதே. சொல்வது சுலபம். பிறகு, கல் என்னுடையது, அதையும் எழுது என்றாள். அதற்குத் தாளில் இடம் இல்லை.

20, ஞாயிறு

புக்கிட் பாரு வரை நடந்தேன். ஒரு காரியமும் இல்லை. திரும்பி வந்தேன். சட்டைப் பையில் கடிதம். வியர்வை படக் கூடாது என்று எடுத்துக் கையில் பிடித்தேன். கையிலும் வியர்வை.

வேலை போனால்? மருமகள் வீடு குளுவாங்கில். போக மனமில்லை.

21, திங்கள்

மெதுவாக எழுதுகிறேன். எதுவும் விடக் கூடாது.

காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்டு முடித்ததும் நேரே ஆபீஸ். சு. ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் வேண்டாம் என்று தலையை ஆட்டினான். கடிதத்தை மேசையில் வைத்தேன்.

கிராணி படித்தார். துரையிடம் இங்கிலீஷில் ஏதோ சொல்லிப் பெருவிரலைத் தூக்கிக் காட்டினார். சம்பளத்துக்குப் பெருவிரலில் மை உருட்டிக் கைநாட்டு வைக்கிறவன் நான். அது புரிந்தது. பிறகு என்னிடம் தமிழில், "சுப்பையா எழுதிக் குடுத்தத தூக்கிட்டு வந்தீங்களா பெரியவரே? அவன் வேலைய காப்பாத்த உங்கள பலி குடுக்குறானா?"

சு. முகம் கறுத்துவிட்டது. தனக்குத் தெரியாது என்றான். யார் நம்புவார்கள்? என் கடிதத்தால் அவன் இன்னும் ஆழத்தில்.

வாய் வரவில்லை. தாள் வேண்டும் என்று கையால் காட்டினேன்.

துரை கடிகாரத்தைப் பார்த்தார். தன் பேனாவையே கொடுத்தார். நாற்காலியும் காட்டினார். அந்த ஆபீசில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. பேனா பிடித்ததும் முதல் தடவை, நமக்குப் பென்சில்தானே. முதல் எழுத்திலேயே மை சொட்டியது.

எழுதினேன்.

நான் ஒரு சொல் முடிக்க முடிக்கக் கிராணி அதை இங்கிலீஷில் சொன்னார். முதலில் கேலியாக. குழாயில். சந்தனம். வைத்தது. அடுத்த சொல்லுக்கு எல்லோரும் காத்திருந்தார்கள். நான். துடைத்தது. அதுவும். நான். மின்விசிறிக் காற்றில் தாள் படபடத்தது. யாரோ ஓரத்தைப் பிடித்துக்கொண்டார்கள். நிமிர்ந்து பார்த்தேன். கிராணியின் விரல்.

துரை போதும் என்றார். இன்னும் ஒரு வரி என்றேன். அப்போது வாய் வந்தது.

கடைசி வரி: சுப்பையா மண் என்று சொன்னது எனக்காக, அவன் வேலை தெரிந்தவன். கீழே வீராசாமி.

ஒரு வெள்ளைக்காரரும் ஒரு கிராணியும் எனக்காக அரை மணி நேரம் நின்றார்கள்.

முடிவு: சு. பெயர் பட்டியலில் ஏறியது. பொய் சொன்னதற்கு அவனுக்கு எச்சரிக்கை. நான் இனி விமானத்தைத் தொடக் கூடாது. வேலி ஓரப் புல் மட்டும். ஓட்டியவர் வாசலில் என்னைப் பார்த்தார். கும்பிட்டேன். உதட்டுத் தையலைத் தொட்டுக் காட்டிவிட்டுப் போனார். அது சரிதான்.

22, செவ்வாய்

மழை. சாயங்காலமும் விடவில்லை.

சு. காலையில் என்னைக் கண்டதும் வேறு வழியாகச் சுற்றிக்கொண்டு போனான். மதியம் வேலிக்கு வந்தான். ரொட்டியில் பாதியைக் கொடுத்தான். "எப்ப தாத்தா எழுதப் படிச்சீங்க? எங்கிட்ட கூடச் சொல்லல." கோபம் அதற்குத்தான்.

அப்புறம் சொன்னான். ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு புத்தகம் உண்டாம். அதற்கு நடந்த நல்லது கெட்டது எல்லாம் அதில். துரை என் தாளை அதில் ஒட்டிவிட்டாராம், மைச் சொட்டோடு. விமானத்தைப் பழுது பார்க்க லோரியில் சிங்கப்பூருக்கு ஏற்றுகிறார்கள். புத்தகமும் கூடப் போகிறது. விமானம் எங்கே போனாலும் அது கூடவே போகுமாம்.

உட்கார முடியவில்லை. பீபியிடம் சொன்னேன். கல்லைப் பற்றி எழுதினாயா என்றாள்.

புத்தகம் போகிற இடத்தில் தமிழ் படிக்கிறவர் யாராவது இருப்பார்களா என்று சு.விடம் கேட்க மறந்துவிட்டேன். நாளை வரை பொறுக்காது. அவன் வீட்டுக்கே போகிறேன். குடை எங்கே?