இருபத்து மூன்று மீட்டர்

டிச. 2, செவ்வாய்

தூறல். கல்வராயன் மலைப் பக்கம் கறுத்துக் கிடக்கிறது. பள்ளிக்கு பஸ். வேனைத் தொடவே பயம்.

வாங்க: பால், சாக்பீஸ், தலைவலித் தைலம்.

நேற்று பிரேயருக்கு நேரமாகிவிட்டதென்று வீட்டுக்காரரின் கடை வேனை விரட்டினேன். மூங்கில்துறைப்பட்டு ரோட்டைக் கடந்துகொண்டிருந்த அஞ்சலை மேல் மோதிவிட்டேன். கரும்பு வெட்டும் கூலியாள். வலது கால் முறிவு. ஆஸ்பத்திரியில் ஏட்டு கேட்டார், "எவ்ளோ வேகத்துல வந்தீங்க டீச்சர்?"

"நாப்பதுங்க."

யோசிக்காமல் வந்தது. அப்படியே எழுதிக்கொண்டார். டீச்சர் பொய் சொல்வாளா?

டிச. 3, புதன்

மழை இல்லை. மாலையில் அந்த இடத்தில் இறங்கினேன். பிரேக் தடம் இன்னும் கறுப்பாக. காலால் அளந்தேன், முப்பத்தோரு எட்டு. என் ஒவ்வோர் எட்டும் முக்கால் மீட்டர். ஆக, 23 மீ.

டிராக்டர்காரர் ஒருவர் நிறுத்தி, "இன்னா டீச்சர், எதுனா வுழுந்துட்ச்சா?"

"கம்மல்ங்க." இரண்டாவது பொய்.

வீட்டில் நோட்டில் போட்டேன். உராய்வு செய்த வேலை = வண்டியின் இயக்க ஆற்றல். திங்களன்று ரோடு காய்ந்திருந்தது, குணகம் 0.7, g = 10. நிறை இரண்டு பக்கமும் அடிபட்டுவிடும். பதினாறு வருடமாகப் போர்டில் சொல்லும் வார்த்தை. இன்று எழுதக் கை கூசியது.

வேகம் 65.

நாற்பதில் வந்திருந்தால் ஒன்பது மீட்டரில் நின்றிருப்பேன். தடம் தொடங்கிய இடத்திலிருந்து அஞ்சலை இருந்தது இருபத்திரண்டில்.

பெருமழை வந்து தடம் அழியட்டும் என்று நினைத்தேன். சீ, என்ன பிறவி நான்.

டிச. 4, வியாழன்

இட்லி மாவு புளித்துவிட்டது. வீட்டுக்காரரிடம் நோட்டைக் காட்டினேன். பார்க்கவே இல்லை. "அந்தம்மாவே தன் மேல தப்புன்னு சொல்லிக்கினு கீது. நீ இன்னாத்துக்கு நோண்டிக்கினு இருக்க? பேசாம இரு."

சாயங்காலம் ஆஸ்பத்திரி. உண்மையைச் சொல்லத்தான் போனேன். சத்தியமாக.

அஞ்சலை என் கையைப் பிடித்துக்கொண்டார். "தப்பு என்மேலதாங்க டீச்சர். பராக்கு பாத்துக்கினு குறுக்க வந்துட்டேன். இதால ஒங்க வேலைக்கு ஒண்ணும் ஆயிடாதுல்ல?"

ஏட்டு வாக்குமூலத்தைப் படித்துக் காட்டினார். அஞ்சலை கைநாட்டு வைத்தார். நான் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். ஒரு சுளைகூட அவர் கையில் கொடுக்கவில்லை, மடியிலேயே வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

டிச. 5, வெள்ளி

மூட்டம். தலைவலி. 11-பி, நாலாம் பீரியட்: வேலை–ஆற்றல் தேற்றம். புத்தகக் கணக்கைப் போடப் போனேன். சாக்பீஸ் வேறொன்றை எழுதியது. குணகம் 0.7, g = 10, தடம் 23 மீ, வேகம் காண்க.

எல்லோரும் 65. ஒருத்திகூடத் தப்பாகப் போடவில்லை.

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். "மிஸ், வண்டி நின்ன எடத்துல யார்னா இருந்தாங்களா?"

விடையை மட்டும் எழுதும்மா என்றேன்.