பிள்ளையை அனுப்பாதேங்கோ

அண்ணை,

நேற்று மல்லாவியில், ஒரு பிள்ளை பெரியபிள்ளையான சாமத்திய வீட்டுக்குப் போயிருந்தேன். வீட்டின் பின்பக்கத் தகரக் கொட்டிலில் இருந்து சாராயமும் பொரித்த மீனும் சேர்ந்த அந்த மணம் வந்தது. உள்ளேயிருந்து ஒருவர், "இஞ்ச வாடா, நுரையை மட்டும் குடி. பியர்தானே," என்று பத்து வயதுப் பெடியன் ஒருவனைக் கூப்பிட்டார்.

"குடுக்காதேங்கோ," என்றேன்.

"ரீச்சருக்கும் கொஞ்சம் ஊத்தவோ?" என்று சிரித்தார்கள். பெடியனை முன்பக்கம் கூட்டிவந்து விட்டுவிட்டு ஒரு கதிரையில் இருந்தேன். சண்டை பிடிக்க உடம்பில் தென்பில்லை. உங்கள் நினைவுதான் வந்தது.

உங்களை முதலில் கண்டது எங்கள் ஊர் முன்பள்ளிக் கட்டடத்தில். பிள்ளைகள் சின்ன வயதிலேயே குடியைத் தொட்டுவிடாமல் இருக்க, பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து வரும் ஞாயிறு வகுப்பை அங்கேதான் நான் நடத்தினேன். வந்ததெல்லாம் தாய்மார். உங்கள் மனைவி வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போயிருந்ததால், மகளைக் கூட்டிவர உங்களை விட்டால் ஆளில்லை. முன்பள்ளிச் சின்னக் கதிரையில், முழங்கால் நெஞ்சில் முட்ட இருந்தீர்கள். காலையிலேயே குடித்திருந்தீர்கள்.

"குடிச்சுப்போட்டு வாற ஆளை என்னத்துக்கு ரீச்சர் இருத்தி வைச்சிருக்கிறியள்?" என்று ஒரு தாய் கேட்டா.

நீங்களே பதில் சொன்னீர்கள்: "நான் போனா என்ர பிள்ளையும் போகவேணுமே, தங்கச்சி." அதன்பிறகு யாரும் கேட்கவில்லை.

சில வாரங்கள் கழித்து, பிள்ளைகள் மனதில் இருப்பதைப் பெற்றோரின் முகம் பார்த்துச் சொல்லும் நாள் வந்தது. உங்கள் மகளுக்கு அப்போது பதினொரு வயது.

"அப்பா, என்னைக் கசிப்பு வாங்க அந்தக் காய்ச்சிற வீட்டுக்கு அனுப்பாதேங்கோ."

"ஏனம்மா?"

"அங்க இருக்கிற மாமாக்கள் பகிடிக்கு எனக்கும் ஊத்தித் தந்தவை. குடிச்சனான்."

அடித்துவிடுவீர்களோ என்று நான் எழுந்து நின்றேன். நீங்கள் அசையவில்லை.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் நித்திரையப்பா."

அன்று அங்கேயே இருந்து அவளோடு பேசி முடிவெடுத்தீர்கள். அவள் இனி அந்த வீட்டுக்குப் போகமாட்டாள். போத்தல் உங்கள் வீட்டுக்குள் வராது. பொழுதுபட்டதும் இருவரும் சேர்ந்து சாப்பிடுவீர்கள். அதன்பிறகுதான் நீங்கள் குடிக்க வெளியே போவது. குடியை விடுவதாக மட்டும் சொல்லவில்லை. எனக்கு அது பெரிய ஏமாற்றம்.

அடுத்த வருடம் மற்றத் தகப்பன்மாரோடு பேச உங்களைக் கூப்பிட்டேன். "நான் விடேல்லை. விட்டுட்டன் எண்டு பொய் சொல்லவும் வரேல்லை," என்று தொடங்கினீர்கள். "ஆனா பிள்ளையின்ர கையில போத்தலைக் குடுத்தது நான்தான். அதை நிப்பாட்ட மருந்து தேவையில்லை."

பிறகு விடவும் பார்த்தீர்கள். கை நடுங்கி, ஆஸ்பத்திரியில் கிடந்து, வீடு வந்து, சில மாதங்களில் மீண்டும் குடிக்கப் போனீர்கள். உங்கள் வயிறு வீங்கத் தொடங்கிய பிறகு மனைவி திரும்பி வந்தா. கிளிநொச்சியில், ஆஸ்பத்திரிக் கட்டிலில் கடைசியாகக் கண்டபோது, "பிள்ளை இப்பவும் வகுப்புக்கு வாறவளோ?" என்று கேட்டீர்கள்.

"ஓம் அண்ணை, வாறவள்."

கண்ணை மூடிக்கொண்டீர்கள்.

நீங்கள் போய் எட்டாம் நாள், எட்டுச்செலவு அன்று, உங்களுக்கு விருப்பமானதெல்லாம் சமைத்துப் படைத்தார்கள். உங்கள் தம்பி ஒரு போத்தலைக் கொண்டுவந்து இலைக்குப் பக்கத்தில் வைக்கப் போனார். மகள் மறித்தாள்.

"வேண்டாம் சித்தப்பா."

"அண்ணைக்கு விருப்பமானதடி."

"ஓம், விருப்பம்தான். எண்டாலும் அப்பா அதை வீட்டுக்குள்ள கொண்டுவாறேல்லை."

அவர் போத்தலோடு வாசலில் நின்று அழுதார். பிறகு படலைக்கு வெளியே கொண்டுபோனார்.

இப்போது வகுப்புக்கு வருபவர்கள் குறைவு. கதிரை அடுக்கவே இடுப்பு நோகிறது. வகுப்புக்கு வந்த பிள்ளைகளிலும் சிலர் குடிக்கத் தொடங்கிவிட்டார்கள். உங்களைக் காப்பாற்றாத வகுப்பை இன்னும் ஏன் நடத்துகிறேன் என்று சில நாட்களில் எனக்கே விளங்குவதில்லை.

ஆனாலும் இப்போதெல்லாம் எந்தத் தகப்பனிடமும் "குடியை விடுங்கோ" என்று நான் தொடங்குவதில்லை. "பிள்ளையை அனுப்பாதேங்கோ," என்றுதான் தொடங்குகிறேன். களைத்துப்போனதால்தான் இவ்வளவு குறைத்துக் கேட்கிறேனோ தெரியவில்லை. ஆனால் அதைக் கேட்டு எழும்பிப் போகிறவர்கள் குறைவு, அண்ணை. கடைசிவரை இருக்கிறார்கள்.