நான் வெட்டிய பெயர்கள்

ஷாஃப்ஹவுசன், சுவிட்சர்லாந்து
2019 ஒக்டோபர் 17, வியாழக்கிழமை, பிற்பகல் 3 மணி 20

இலக்கம் 1: இசைத்தட்டுகளிலிருந்து நீக்கப்பட்ட முப்பத்தேழு இடங்கள் தொடர்பாக

அன்புள்ள நண்பருக்கு,

உம்முடைய ஸ்டீல் கிட்டார்ப் பெட்டியைச் சற்று முன்னர் திறந்தேன். உலோகம் துலக்கும் பசையின் மணமும் பழைய கம்பளித் துணியின் மணமும் சேர்ந்து வந்தன. நீர் கண்மூடி இன்றோடு ஏழு மாதமும் ஒன்பது நாளும் ஆகின்றன. நாளை மறுநாள் உம்முடைய மகள் நொஷாட்டலிலிருந்து வந்து இதை எடுத்துச் செல்வாள். அதற்குள் தந்திகளைத் துடைத்துவிடலாம் என்றே திறந்தேன். மூடியின் உட்பையில் உமது சிறிய குறிப்புக் கொப்பி இருந்தது. இந்த மடலுக்கு அதுவே காரணம்.

அந்த இசைத்தட்டுகள் நமக்குக் கிடைத்தது 2009 செப்டெம்பர் 12, சனிக்கிழமை. நீர் ஒக்டோபர் என்றே கடைசிவரை சாதித்தீர், அது தவறு. புரொக்கி என்று இங்கே எல்லோரும் சொல்லும் பழம்பொருட் கடையில், ஓர் அட்டைப்பெட்டி நிறைய இருந்தன. முப்பதுகளில் டெக்சாஸ் நடனக் கூடங்களை ஆட வைத்த வாத்தியக் குழுக்கள். வயலின், பாஞ்சோ, கிட்டார், ஸ்டீல் கிட்டார். அந்த இசைக்கு வெஸ்டர்ன் சுவிங் என்று பெயர் என்பதை உறையைப் படித்தே அறிந்தோம். ஊரில் போர் முடிந்த அந்த ஆண்டு நம் வீடுகளில் வானொலி செய்திக்காக மட்டுமே திறக்கப்பட்டது. இதை எப்படி உம்மால் கேட்க முடிகிறது என்று வினவினேன்.

“இதிலை எனக்குத் தெரிஞ்ச ஒருத்தரும் இல்லை அண்ணை. அதாலை பயமில்லாமல் கேட்கலாம்” என்றீர்.

ஆனால் ஆறு மாதத்துக்குள் அவர்கள் அனைவரும் உமக்குத் தெரிந்தவர்கள் ஆகிவிட்டார்கள். ஒவ்வொருவரும் தனித்து வாசிக்கத் தொடங்குமுன் குழுத் தலைவர் உச்சக் குரலில் அவருடைய பெயரைக் கூப்பிடுவார். நீர் அந்தப் பெயர்களைப் பிடித்துக்கொண்டீர். நாம் வேலை செய்த முதியோர் இல்லச் சமையலறையிலும் அதே வழக்கத்தைக் கொண்டுவந்தீர். நோயாளர் உணவு அட்டைகளைச் சரிபார்ப்பது என் பொறுப்பு. உணவுத் தட்டுகள் என் பக்கம் நகர்ந்ததும், கழுவும் இயந்திரத்தடியிலிருந்து “இப்ப எங்கடை அட்டை அண்ணை” என்று குரல் கொடுப்பீர். எனக்கு அது பிடிக்கவில்லை.

பாட்டிலும் பிடிக்கவில்லை. நல்ல வாசிப்புக்கு நடுவே இது என்ன கூச்சல் என்று ஒருமுறை கேட்டேன்.

“கூச்சல் இல்லை அண்ணை. இங்கை திரிம்பாக் கோயில் திருவிழாவிலை நாதஸ்வரக்காரர் தவில்காரரைத் திரும்பிப் பார்க்கிறேல்லையோ, இனி உன்ரை நேரம் எண்டு? இவர் அதை வாயாலை சொல்லுறார்.”

நமக்குள் இன்னொரு வழக்கும் இருந்தது. ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியே துலக்கி வைக்கும் அந்த அமைதியான கிட்டார்க்காரரே என் தெரிவு. உமக்கோ, ஸ்டீல் கிட்டாரை ஒலிபெருக்கியோடு முதன்முதலில் இணைத்தவர்களில் ஒருவரான, டிராம்போன் போலத் துள்ளித் துள்ளி வாசிக்கும் மற்றவர். “உங்கடை ஆள் சட்டையை வடிவாய் மடிச்சு வைக்கிறார். என்ரை ஆள் கழட்டி எறியிறார்” என்று சொல்லிச் சிரித்தீர்.

2012இல் நீர் சிறிய வீட்டுக்கு மாறினீர். இசைத்தட்டுகள் புரொக்கிக்கே திரும்ப வேண்டியிருந்தது. அதற்கு முன் நான் அவற்றைக் கணினியில் ஏற்றி, கீறல் ஒலிகளை நீக்கி, கூடவே அந்தக் கூப்பிடுதல்கள் முப்பத்தேழையும் வெட்டி, சீடி இறுவட்டுகளாக்கி, பெப்ரவரி 5ஆம் திகதி உம்மிடம் தந்தேன். முதல் பாட்டை நின்றபடியே கேட்டீர். பெயர் வரவேண்டிய இடத்தில் உம்முடைய கை சற்று உயர்ந்து நின்றது. பிறகு, “நல்ல துப்புரவாய் இருக்கு அண்ணை” என்றீர். அதைப் பாராட்டு என்றே என் நாட்குறிப்பில் எழுதி வைத்தேன்.

இன்று கொப்பியைத் திறந்தால், ஒன்று முதல் முப்பத்தேழு வரை வரிகள். ஒவ்வொன்றிலும் பாட்டு, நிமிடம், விநாடி, ஒரு பெயர். நான் வெட்டிய அத்தனையும் உமது நினைவிலிருந்து. உடனே மகளுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

“உங்களுக்குத் தெரியாதோ பெரியப்பா? அப்பா உங்கடை இறுவட்டைப் போட்டால் கொப்பியைப் பார்த்துப் பார்த்துத் தானே கத்துவார். அம்மாவுக்குப் பெரிய எரிச்சல்.”

“என்னிலை கோபமோ?”

“சீச்சீ. அண்ணை எனக்கும் ஒரு வேலை விட்டு வைச்சிருக்கிறார் எண்டு சொல்லுவார்.”

ஏழு ஆண்டுகள் நீர் இதை என்னிடம் சொல்லவில்லை. கோபித்திருந்தால் எனக்குச் சற்று இலகுவாக இருந்திருக்கும்.

முப்பத்தெட்டாவது வரியில் என் பெயர் இருந்தது. 2014 ஓகஸ்ட் 17, என் வீட்டு முன்னறையில் நான் கிட்டாரும் நீர் ஸ்டீல் கிட்டாரும் வாசித்துப் பதிந்த ஒரே மெட்டு. எனக்குத் தெரிந்த நான்கு கோர்டுகளில் நான் தட்டுத்தடுமாறத் தொடங்குமுன் நீர் என் பெயரைக் கூப்பிட்டீர். அதையும் வெட்டினேன். இப்போது அதன் மூலப்பதிவு என்னிடம் இல்லை.

முப்பத்தொன்பதாவது வரியில் ஒரு நிமிடம் ஐம்பத்திரண்டு விநாடி என்று மட்டும் இருக்கிறது. பெயரில்லை. உமது முறை தொடங்கும் இடம் அது. அங்கே உம்மைக் கூப்பிட என்னைத் தவிர வேறு எவரும் இருக்கவில்லை. நான் கோர்டுகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஆகவே இன்று அந்தப் பதிவை ஓடவிட்டு, என் குரலும் சேர்ந்து பதியும்படி, அதே இடத்தில் உமது பெயரைக் கூப்பிட்டேன். முதல் தடவை ஒரு விநாடி பிந்திவிட்டேன். இரண்டாம் தடவை சரியான இடத்தில் விழுந்தது; மேல்வீட்டு அம்மையார் யன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தார். நீர் உடனே வாசிக்கத் தொடங்கினீர்.

கொப்பி மகளுக்குரியது, படியெடுக்கவில்லை. ஆனால் அந்த முப்பத்தேழு பெயர்களும் இப்போது எனக்கு மனப்பாடம். இறுவட்டைப் போடும்போது இனி நானே கூப்பிடுவேன்.

அன்புடன்,
உமது அட்டை அண்ணை

இணைப்பு (பெட்டியின் உட்பையில், இம்மடலுடன்):
1. உமது கொப்பி, உள்ளபடியே. முப்பத்தொன்பதாவது வரியில் பெயர் மட்டும் என் கையெழுத்து.
2. தந்தி துடைக்கும் புதுத் துணி, ஒன்று.
3. இறுவட்டு, ஒன்று. 2014 ஓகஸ்ட் 17ஆம் திகதிப் பதிவு. 2 நிமிடம் 41 விநாடி. இன்று சேர்ந்த என் கூச்சல் நீக்கப்படவில்லை.