அணையக் கூடாத விளக்கும் உங்கள் வகுப்பும்

துணியைத் துவைத்துப் போட்டாலும் செம்பனை எண்ணெய்ப் புகை வாடை போவதில்லை. தேங்காயெண்ணெய் கண்ணில் படாத இந்தக் காலத்தில் சாமி விளக்குக்கும் அதுதான். கரி அப்பிய மாடத்தைத் தேய்க்கும்போதெல்லாம் உங்கள்மேல் கோபம் வருகிறது. போய்ச் சேர்ந்தவர்மேல் கோபப்படலாமா என்று கேட்காதீர்கள். நீங்கள் இருந்தபோது பட்டதே இன்னும் பாதி தீரவில்லை.

பட்டம் வாங்கி, பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான வாத்தியாராக நின்ற பிறகும், விஞ்ஞானத்தை எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்று மேல்படிப்புப் படித்தவர் நீங்கள். சீமையிலிருந்து தபாலில் பாடம் வரும். ஜப்பான்காரன் வந்தான்; தபால் நின்றது. இனியாவது மனுஷர் வீட்டில் சும்மா உட்காருவார் என்று நினைத்தேன். மீதியை நானே நடத்துகிறேன் என்று நம் அடுப்படியிலேயே வகுப்பை ஆரம்பித்தீர்கள். பகலெல்லாம் பள்ளியில் ஜப்பான் பாட்டு, சாயங்காலம் இங்கே விஞ்ஞானம். படிக்க வந்தவர்கள் இருவர். உங்களோடு வேலை பார்த்த மணியம் வாத்தியார் ஒருவர்; டீச்சராகப் பயிற்சிக்குப் போகுமுன்பே சண்டை வந்துவிட்ட சரசு இன்னொருத்தி.

அதிலும் ஒரு சட்டம். அவர்கள் நடத்தும் பாடத்தை நான் கேட்க வேண்டும். கேட்டுவிட்டு நானாக ஒரு கேள்வி கேட்டால்தான் பாடம் தேறியது. கோயில் பாட்டுப் புத்தகத்தை எழுத்துக் கூட்டித் தானாகப் படித்தவள் நான், எனக்கு எதற்கு இது? மரவள்ளிக்கிழங்கு வேகும்; நீராவி பார் என்று மணியம் வாத்தியார் என் சட்டி மூடியைத் திறப்பார். "புரியுது லா, மூடுங்க" என்பேன். அது கேள்வி இல்லை என்பீர்கள்.

அந்த வெள்ளிக்கிழமையை மட்டும் மன்னிக்க முடியவில்லை. ஜப்பான்காரர்கள் சயாம் தண்டவாள வேலைக்கு என் தம்பியை லாரியில் ஏற்றிப் போனார்கள். அவன் திரும்பும்வரை சாமி விளக்கு அணையாது என்று முருகனிடம் நேர்ந்துகொண்டேன். எண்ணெய்யைக் கரண்டியில் அளந்து, கறிக்கு இல்லாவிட்டாலும் விளக்குக்கு ஊற்றினேன். எல்லாம் உங்களுக்குத் தெரியும். தெரிந்தும், தீக்குச்சி இல்லையே என்று தவித்த சரசுவிடம், எரிகிற விளக்கு இருக்கிறதே என்று மாடத்தைக் காட்டியிருக்கிறீர்கள். அவள் அதன்மேல் கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்தாள். நான் பசாரில் கிழங்கு வாங்கிக்கொண்டு படியேறி வரவும் சுடர் சுருங்கி அணையவும் சரியாக இருந்தது.

வாய்க்கு வந்தபடி ஏசினேன். உள்ளே இருக்கிற காத்து கெட்டுப்போனா அணைஞ்சிடும்க்கா என்று சரசு அழுதுகொண்டே பாடம் சொன்னாள்.

"அப்ப கோயில்ல? கர்ப்பக்கிரகத்தைச் சாத்திட்டுப் போறாங்க, ஒரு ஜன்னல்கூடக் கிடையாது. அங்க மட்டும் விடிய விடிய எரியுதே?"

நீங்கள் கைதட்டினீர்கள். தம்பி உயிருக்கு என்ன ஆகுமோ என்று நான் நடுங்குகிறேன், நீங்கள் பாடம் தேறிவிட்டது என்கிறீர்கள். அன்று உங்கள் தட்டில் கிழங்கு வைத்ததே பெரிசு.

பதிலையும் சொல்லவில்லை. சரசுவைக் கோயிலுக்கு அனுப்பிக் கதவைப் பார்த்துவரச் சொன்னீர்கள். அவள் பழைய மண்ணெண்ணெய்த் தகரத்தில் அடியிலும் மேலேயும் துளை போட்டு வந்து, பக்கத்து வீட்டு அடுப்பு நெருப்பில் நான் மறுபடி ஏற்றியிருந்த விளக்கை உள்ளே வைத்தாள். கதவுக்குக் கீழ இடுக்கு இருக்குக்கா, புதுக்காத்து அதுவழியாத்தான் வருது என்றாள். துளையை அடைத்துக் காட்டட்டுமா என்றபோது அவள் கையைத் தட்டிவிட்டேன்.

பிறகு காய்ச்சல் உங்களைக் கொண்டுபோனது. மருந்து எங்கும் கிடைக்கவில்லை. தீட்டு வீட்டில் சாமி விளக்கு எரியக் கூடாது, அணைத்துவிடு என்றார்கள் உறவுக்காரர்கள். தம்பியைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அணைக்கவும் மனசில்லாமல், மீறவும் துணிவில்லாமல் கிடந்தேன். சரசு வந்தாள். யாரையும் கேட்காமல் விளக்கைத் தகரத்தோடு தூக்கினாள். கடற்காற்றில் பெச்சா ரிக்‌ஷாவில் போய், முச்சந்தியில் நிற்கும் ஜப்பான் சிப்பாய்க்கு இறங்கிக் குனிந்து கும்பிட்டு, தன் வீட்டில் கொண்டுபோய் வைத்தாள். சாவு வீட்டு விளக்கா என்று அவள் அம்மா ஏசினாளாம்.

கருமாதி முடிந்து வீட்டைக் கழுவிவிட்ட அன்று திருப்பிக் கொண்டுவந்தாள். சுடர் நின்று எரிந்தது. நான் அழ வாயெடுக்குமுன், "இவ்வளவு காத்துலயும் ஏன் அணையலன்னா, அக்கா..." என்று தொடங்கிவிட்டாள். புருஷனைப் பறிகொடுத்து நிற்பவளுக்குப் பாடம். உங்களிடம் படித்தவள் வேறு எப்படி இருப்பாள்?

முழுவதும் கேட்டேன். பிறகு என் கேள்வியைக் கேட்டேன்.

"நடுவுல ஒரு தடவை அணைஞ்சதே சரசு. திரும்ப ஏத்தினது நான் நேர்ந்துகிட்ட அதே விளக்குதானா?"

அவள் தகரத்தை மாடத்தில் இறக்கி வைத்தாள். தம்பி வந்து சொல்லட்டும். அதுவரை அந்தக் கேள்விக்கும் சேர்த்துத்தான் எண்ணெய் ஊற்றுகிறேன்.