செவிலியை மாற்றும் வழக்கம் குறித்து நறுங்கோதை விடுக்கும் ஓலை

அண்ணா என்று தொடங்குவதா, வேந்தே என்று தொடங்குவதா? அண்ணா என்றால் அவை முகம் சுளிக்கும். வேந்தே என்றால் என் குரல் எனக்கே கேட்காது. இப்படி எண்ணி எண்ணியே இரண்டு ஓலைகளைக் கீறிப் பாழாக்கினேன். முறைப்படியே தொடங்குகிறேன்.

ஆற்றுவளமும் மலைவளமும் ஒருங்கே உடைய வெண்ணாவல் நாட்டை நடுவுநிலை வழுவாது ஆளும் பெருவேந்தர், என் தமையனார் நிலந்தருவேள் அவர்களின் திருமுன்புக்கு, கருங்காவி மலைக்கோட்டையைத் தங்கள் ஆணையால் காத்துவரும் தங்கை நறுங்கோதை வணங்கி விடுக்கும் ஓலை. தங்கள் கோல் வாழ்க. தலைநகரில் மழை தவறாது பெய்க. தங்கள் உறக்கம் இனிதாகுக.

தாயை இழந்த நாள்முதல் இங்கே வளரும் தங்கள் மைந்தன் இளவெளியனை, மூன்றாம் வயது நிறையுமுன் தலைநகருக்கு அனுப்புமாறு தாங்கள் இட்ட ஆணையை அமைச்சர் மாறோக்கனார் பல்லக்கோடு கொண்டுவந்தார். தலைநகர் சேர்ந்தபின் குலவழக்கப்படி இளவரசனுக்கு ஒவ்வொரு வளர்பிறையிலும் செவிலி மாறவேண்டும் என்றும், வருகிறவள் முன்னவளின் பெயரையே சூடிக்கொள்ளவேண்டும் என்றும், பெயர் மாறாததால் பிள்ளைக்கு ஏக்கம் தோன்றாது என்றும் அவர் நினைவூட்டினார். இவ்வழக்கம் பிறந்த கதையை நானும் அறிவேன். நம் முன்னோர் ஒருவர் தம் செவிலியின் சொல் கேட்டு எல்லைக் கோட்டைகளை அவள் உறவினருக்குக் கொடுத்தார். பாதி நாடு போயிற்று. யாரிடமும் ஒட்டாத பிள்ளையே யார் பக்கமும் சாயாத அரசனாவான் என்று அன்றைய அவை முடிவு செய்தது. அந்த அச்சத்தை நான் பழிக்கவில்லை.

ஆனால் இங்கே நடந்ததைத் தாங்கள் அறியவேண்டும். பிள்ளையைப் பழக்குவதாகச் சொல்லி, அவன் பிறந்த நாள்முதல் பாலூட்டி வளர்க்கும் சாத்தியை, என்னைக் கேளாமலே அமைச்சர் கீழ்வாயிலுக்கு அனுப்பினார். தாம் அழைத்துவந்த பெண்ணைச் சாத்தி என்று சொல்லி அவனிடம் விட்டார். பிள்ளை முதலில் சிரித்தானாம். நீ சாத்தி இல்லை, சாத்திக்குப் பல் பெரியது என்றானாம். அவளோ கற்பித்தபடி, நான்தான் சாத்தி என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் சுற்றி நின்றவர்கள் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்திருக்கிறான். இவள் சாத்தி இல்லை என்று ஒருவரும் சொல்லவில்லை. எல்லைக் காவலைப் பார்த்துவிட்டு நான் திரும்பியபோது அவன் பேச்சை நிறுத்தியிருந்தான்.

மறுநாள் என் ஆணைப்படி சாத்தி திரும்பி வந்து கையை விரித்தாள். அவன் ஓடிவரவில்லை. மெல்ல வந்து, அவள் உள்ளங்கையைப் பற்றி முகர்ந்து பார்த்தான். அதன் பிறகே சோறு உண்டான்.

பல்லக்குச் சுமப்பவன் தோள் மாற்றினாலே உள்ளே இருப்பவருக்கு ஆட்டம் தெரிகிறதே, தாயாக நின்றவளை மாற்றினால் பிள்ளைக்குத் தெரியாதா, உம் வீட்டுப் பேரனுக்கு இப்படி மாற்றிப் பார்த்தீரா என்று சாத்தி அமைச்சரைக் கேட்டாள். தம் வீட்டுப் பிள்ளைகள் நாடாளப் போவதில்லை என்று சொன்ன அவர், அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் துடுக்கை நான் கண்டிக்கவில்லை.

வேந்தே, தாங்கள் வெற்றிலை வாங்குமுன் தருபவர் கையை முகர்வதை, நஞ்சுக்கு எதிரான எச்சரிக்கை என்று அவையோர் புகழ்கிறார்கள். நான் அதைச் சிறுவயதில் நம் முற்றத்திலேயே கண்டிருக்கிறேன். அரியணைக்கு உரியவள் அல்லாததால் என் செவிலி மாறவே இல்லை. நான் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு உண்பேன். தாங்கள் புதிய கையை முகர்ந்துவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

இளவெளியனைப் பெற்ற அரசியார் மறைந்த அன்று தாங்கள் கண் கலங்காமல், இனி யார் வருவார் என்று மட்டும் கேட்டதாக அமைச்சர் சொன்னார். மனவுறுதிக்குச் சான்றாகவே சொன்னார். எனக்கு அங்கே இருப்புக்கொள்ளவில்லை; எழுந்து மதில்மேல் போனேன், அங்கும் நிற்க முடியாமல் இறங்கினேன். அது உறுதியன்று, அண்ணா. அதைக் கேட்டது ஒரு சிறுபிள்ளை.

மகப்பேறு இல்லாதவள் தனக்காகப் பிடித்துவைக்கிறாள் என்பார்கள். அதுவும் உண்டு. அவன் என் மடியில் உறங்கும் பாரம் எனக்கு வேண்டியிருக்கிறது. பிள்ளையின் நலம் எது, என் பசி எது என்று பிரித்துப் பார்க்க முயல்கிறேன், முழுதும் பிரியவில்லை. ஆயினும் அவன் அந்தக் கையை முகர்ந்ததைக் கண்ட பிறகு, பிரித்தறியும்வரை காத்திருக்க எனக்குத் துணிவில்லை.

கணக்கும் வாளும் கற்பிக்க ஆசிரியர்களை இங்கே அனுப்புக. வருபவர் நிலைத்துத் தங்குபவராக இருக்கட்டும். தாங்களே வரினும் கதவு திறந்திருக்கும். ஒருநாள் மட்டும் தங்கிப் போகும்படி வரவேண்டாம். ஆணை மீறியதற்காகக் கோட்டையைப் பறிப்பதானால், வருபவரிடம் திறவுகோல்களைக் கொடுத்துவிட்டு, பிள்ளையோடும் சாத்தியோடும் ஏதேனும் ஓர் ஊரில் இருந்துகொள்வேன்.

அமைச்சர்க்கும் பல்லக்குச் சுமப்போர்க்கும் இக்கோட்டையின் ஆணை இது: பிள்ளை விழித்திருக்கும்போதே புறப்படுக. போகிறோம் என்று அவனிடம் சொல்லிக்கொண்டு போகுக. புதிதாக வந்த பெண் தன் உண்மைப் பெயரை அவனுக்குச் சொல்லிவிட்டுப் போகுக.

மலைக்கோட்டை முத்திரை பதித்தேன். இதுவரை தங்கள் ஆணை எதையும் நான் மறுத்ததில்லை. இளவெளியனை அனுப்பவில்லை.