வளைந்து வந்த வெடிச் சத்தம்

பிப்ரவரி 9, திங்கள்

ஓர் அதிர்வலை ஒரு வாயுவிலிருந்து இன்னொரு வாயுவுக்குள் நுழையும்போது திசை மாறும். இதைப் பற்றித்தான் என் ஆராய்ச்சி. வாய்மொழித் தேர்வு மட்டும் பாக்கி. அதற்குப் படித்துக்கொண்டிருந்தபோது தெருவில் சாவு ஊர்வலம் போனது. எங்கள் பொம்மைப் பட்டறை வாசலிலேயே நாட்டு வெடி வைத்தார்கள். உள்ளே சூளை எரிந்துகொண்டிருந்தது. எங்களுக்கு ஒரு சேதமும் இல்லை. ஆனால் நாலு வீடு தள்ளி, பாஞ்சாலை அத்தை பட்டறையில் சுடாமல் காயவைத்திருந்த பிள்ளையார்கள் பலகையோடு கீழே விழுந்து தூள் தூள்.

அத்தை மகன் மணிபாரதிக்கும் எனக்கும் இந்த மாதக் கடைசியில் நிச்சயதார்த்தம். நல்ல சகுனம்தான்.

பிப்ரவரி 10

காலையிலேயே அத்தை வந்துவிட்டார். அப்பாவிடம், "வெடி வச்ச இடத்துல ஒன்னும் ஆவல. தள்ளி இருக்கிற என் வூட்ல உடைஞ்சிருக்குது. உங்க சூளைப் புகைதான் சத்தத்த வளைச்சி எங்க பக்கம் வுட்டிருக்குது. பாரதி படம் போட்டே காட்டிட்டான்" என்றார்.

அந்தப் படம் என் ஆராய்ச்சியிலிருந்து நான் பாரதிக்கு போனில் அனுப்பியது! ஆசையாக அனுப்பினேன், பாவி.

அப்பா தப்பை ஒத்துக்கொண்டால்தான் அத்தை தட்டு மாற்றுவாராம். அப்பாவோ, "புகைக்கெல்லாம் நான் மன்னிப்பு கேக்க முடியாது. நீ படிச்சவ, புகை வளைக்காதுன்னு சொல்லும்மா" என்கிறார்.

பிப்ரவரி 11

வளைக்கும் என்றால் அப்பா குற்றவாளி. வளைக்காது என்றால் என் ஆராய்ச்சி பொய். எதைச் சொல்ல?

வளைக்கத்தான் செய்யும். தேர் இழுக்கும்போது ஒரு வடத்துக்காரர்கள் தார் ரோட்டிலும் மறு வடத்துக்காரர்கள் மணலிலும் நடந்தால் தேர் திரும்பிவிடும் இல்லையா? சூடான புகையில் அலை வேகமாக ஓடும், குளிர்ந்த காற்றில் மெதுவாக. அதனால் திரும்பும். ஆனால் எங்கள் சூளைப் புகைக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். திரும்பி வருகிற அலைக்கு ஒரு பிள்ளையாரின் தும்பிக்கைகூட ஆடாது.

அப்படியானால் பலகையைத் தள்ளியது யார்?

பிப்ரவரி 12

தெருவில் கூடிப் பேசி முடிவெடுத்துவிட்டார்கள்: எங்கள் சூளை எரிகிற நாளில் யாரும் சாகக்கூடாது. படுக்கையில் கிடக்கும் விருத்தகிரி பெரியப்பாவிடம் சூளை எரியும் நாட்களைச் சொல்லி வைத்திருக்கிறார்கள். "அனுசரிச்சிப் போறேன்" என்றாராம்.

பிப்ரவரி 14

பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்கு வரச் சொன்னார் பாரதி. காதலர் தினமாம். உட்கார்ந்ததும் குரலைத் தாழ்த்தி, "வெடின்னா எனக்குச் சின்ன வயசுலேருந்தே ஆவாது சுபா. தூக்கிவாரிப் போட்டுது. கை பட்டு பலகை சாஞ்சிடுச்சி" என்றார்.

"அத்தைகிட்ட சொல்ல வேண்டியதுதான?"

"இவ்ளோ பெரிய மீசைய வச்சிக்கிட்டு எப்படிச் சொல்றது? புகைன்னே இருக்கட்டும்."

டீயை அப்படியே வச்சிட்டு வந்துட்டேன். என் படிப்பு இவருக்கு ஒளிஞ்சிக்கிற இடமா? எங்கப்பா தல குனியணுமா இவரு மீசைக்காக? — கோவமா வருது. நடுவுல சிரிப்பும் வந்து தொலைக்குது. இந்த ஆளைத்தான் எனக்குப் பிடிச்சிருக்கு, என்ன பண்ண.

பிப்ரவரி 16

பரிசோதனை வைத்தேன். அதே சூளை, அதே இடத்தில் அதே வெடி, அத்தை பட்டறையில் அதே பலகையில் புதுப் பிள்ளையார்கள். வெடி வைக்கும் முன்பே பாரதி உண்மையைச் சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். வாயே திறக்கவில்லை. அத்தை பட்டறை வாசலில் தெருவே கூடி நின்றது.

வெடித்தது. பிள்ளையார்கள் அசையவில்லை. பாரதி மட்டும் துள்ளிக் குதித்து, பக்கத்தில் நின்ற என் அப்பாவை இறுகக் கட்டிக்கொண்டார்.

அத்தை தன் மகனைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்பாவுக்கும் புரிந்துவிட்டது. கத்தப் போகிறார் என்று பயந்தேன். அவரோ பாரதியின் முதுகைத் தட்டிக்கொடுத்தபடி, "ஒன்னுமில்ல மாப்ள, ஒன்னுமில்ல. முடிஞ்சிபோச்சி" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது.

பிப்ரவரி 27

தட்டு மாற்றியாயிற்று.

கல்யாண ஏற்பாடு பேசும்போது வெடி வேண்டாம் என்று அத்தை கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஏன் என்று சொந்தக்காரர்கள் கேட்டதற்கு, "எங்க மருமவ இதுலதான் டாக்டர் பட்டம் வாங்கப் போவுது. அதையே கேளுங்க" என்று என் பக்கம் கையைக் காட்டினார்.

எல்லோரும் திரும்பினார்கள். பாரதி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பந்தல்ல ஊதுபத்திப் புகை இருக்கும்ங்க" என்றேன். "சத்தம் எந்தப் பக்கம் வளையும்னு சொல்ல முடியாது."