பருப்பில் போன கோசு விதை

12-10-68
சோறே இறங்கவில்லை, அத்தைமேல் அவ்வளவு கோபம். மெட்ராஸிலிருந்து என் வீட்டுக்காரர் வாங்கிவந்த முட்டைக்கோசு விதையைக் கடுகு என்று நினைத்துப் பருப்புக்குத் தாளித்துவிட்டார்கள். மிச்சத்தையும் கடுகு டப்பாவில் கொட்டியாச்சு. இரண்டும் ஒரே நிறம், ஒரே உருண்டை. எதைப் பொறுக்குவேன்? கிணற்றோரத் துண்டை இந்த ஒரு போகம்தான் என்னிடம் விட்டிருக்கிறார். கோசு தேறாவிட்டால் மறுபடி நெல்தான்.

14-10-68
கலந்ததை அப்படியே நாற்றங்காலில் விதைத்தேன். அத்தையோடு பேச்சு இல்லை.

9-11-68
நாற்றில் கடுகு தனியாகத் தெரிகிறது, இலையெல்லாம் சுணை. பிடுங்கி எறியப் போனேன். "முளைச்சதை எறியாதமே. வரப்போரமா நட்டுக்கினு போ" என்றார்கள் அத்தை. இத்தனை நாளில் இதுதான் முதல் பேச்சு. சண்டை போடத் தெம்பில்லை. கோசு நாற்றைக் கிணற்றோரத் துண்டிலும் கடுகை அதன் வரப்போரமாகவும் நட்டேன்.

3-12-68
பக்கத்துக் கொல்லை கலியன் கோசு முழுக்கப் பச்சைப்புழு, இலை சல்லடை. எண்ட்ரின் பூச்சிமருந்து அடித்தான். அந்த வரப்பில் மேய்ந்த அவன் கன்றுக்குட்டி செத்துப்போச்சு. இவரும் ஒரு டின் வாங்கி வச்சிருக்கார். ஞாயித்துக்கிழமை அடிப்பாராம். அந்த விஷம் கிணத்துல இறங்காதா? அந்தத் தண்ணியைத்தானே குடிக்கிறோம்? சொன்னா, புழு தின்னவா பயிர் வச்சேங்கிறார். அழுகையே வந்துட்டுது.

5-12-68
இன்னா அதிசயம் இது! எங்கள் கோசில் தேடினால்தான் ஒன்றிரண்டு. புழுவெல்லாம் வரப்போரக் கடுகில்! அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினேன். இருவருமாகக் கடுகைப் புழுவோடு ஒடித்துக் கோழிக்குப் போட்டோம். கோழிகளுக்குக் கல்யாண விருந்து.

8-12-68, ஞாயிறு
மருந்து பம்பைத் தோளில் மாட்டிக்கொண்டு, டின்னும் கையுமாக அவர் வந்தார். அத்தை கிணற்று மேட்டை விட்டு எழவே இல்லை. "மணவாளா, மொதல்ல என் கடுகைப் பாரு. அப்பால அடி."
பார்த்தார். கோசு இலைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பம்பை இறக்கி வைத்துவிட்டு, கூடையைக் கேட்டார்.

11-12-68
மூன்று பேரும் புழு பொறுக்கினோம். முதுகு விட்டுப்போச்சு.

22-1-69
ஊத்துக்கோட்டை சந்தைக்கு வண்டி நிறையக் கோசு போயிற்று. எண்ட்ரின் டின் மூடி திறக்காமலே கடைக்குத் திரும்பியது. மருந்தில்லாமல் எப்படி என்று கலியன் வந்து கேட்டான். சொன்னேன். தாளித்த கதையை மட்டும் சொல்லவில்லை. அத்தை மானம் என் மானம்தானே?

6-10-69
கிணற்றோரத்தில் நெல் என்ற பேச்சே எழவில்லை. புது விதை வாங்கிவந்தவர் பொட்டலத்தை அத்தை கையிலேயே கொடுத்தார். அத்தை என்னைப் பார்த்தார்கள்.
"பருப்பு வெந்துட்டுதா செங்கம்மா?"
சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது. விதையோடு கலக்கக் கடுகு டப்பாவை நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.